வலி நின்ற பிறகு எடுக்கும் இ.சி.ஜி.

நெஞ்சுவலி வந்து தானாக அடங்கிவிட்டால், 'வாயுவாக இருக்கும்' என்று நிம்மதி அடைகிறோம். வலி இருக்கும்போது எடுத்த இ.சி.ஜி.தான் உண்மையைக் காட்டும், நின்றபின் எடுப்பது வீண் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் தரும் பெரிய தமனியைப் பொறுத்தவரை இது ஆபத்தான நினைப்பு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் இதய மருத்துவர் ஹெயின் வெலன்ஸ் குழுவினர், மாரடைப்பு வரும் அபாயத்தில் அனுமதிக்கப்பட்ட 145 பேரை ஆராய்ந்து 1982இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 26 பேரின் இ.சி.ஜி.யில் ஒரே விதமான மாற்றம். அவர்களில் அறுவை சிகிச்சை செய்யப்படாத 16 பேரில் 12 பேருக்குச் சில வாரங்களுக்குள் முன்சுவரில் மாரடைப்பு வந்தது. மருந்தால் வலி கட்டுப்பட்டிருந்தும் வந்தது!

அந்த மாற்றம் மார்பெலும்பை ஒட்டிய வி2, வி3 பதிவுகளில் தெரியும். பெரியவர்களுக்கு அங்கே ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் மேல்நோக்கி எழும் டி அலை, இவர்களுக்கு முதலில் ஏறிச் சட்டெனக் கீழே இறங்கும். அல்லது இருபுறமும் சமமாக ஆழக் கவிழ்ந்திருக்கும். மற்றபடி பதிவு ஏறக்குறைய இயல்பாகவே இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அடைபட்ட தமனி சற்றே திறந்து ரத்தம் மீண்டும் பாய்ந்ததன் தடயம் இது. அதனால்தான் வலி இல்லாத நேரத்தில் தெரிகிறது. தமனி மறுபடி அடைபட்டால் கவிழ்ந்த அலை நிமிர்ந்துவிடும். வலியும் திரும்பி, பதிவும் 'சரியாகிவிட்டது' போலத் தோன்றினால் அதுவே மிக மோசமான கட்டம்.

டி அலை கவிழ வேறு காரணங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நுரையீரலில் ரத்தக்கட்டு, மூளையில் ரத்தக்கசிவு, தடித்த இதயச் சுவர் எல்லாம் இதைச் செய்யும். சில இளம்பெண்களுக்கு இயல்பாகவும் இருக்கும். ஆகவே அலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வந்துபோன நெஞ்சுவலியோடு சேர்த்தே படிக்க வேண்டும். அப்படிப் படித்தபோது இந்தக் குறி எவ்வளவு நம்பகமானது என்பதை அதே குழுவின் 1989 ஆய்வு காட்டியது: குறி தெரிந்த 180 பேரில் ஒருவர் விடாமல் முன்சுவருக்கு ரத்தம் தரும் அந்தத் தமனியில் பாதி அளவுக்கோ அதற்கு மேலோ சுருக்கம் இருந்தது. இதயத் தசை செத்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினைப் பார்த்தால் போதாதா? தசை இன்னும் சாகாத நிலையில் அது இயல்பாகவே இருக்கக்கூடும். 'எதற்கும் ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்ப்போம்' என்பதோ இவர்களுக்கு உயிராபத்து, தேவைப்படுவது ஆஞ்சியோகிராம். வலி வந்து நின்றிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எப்போது வந்தது, எப்போது நின்றது என்று டாக்டரிடம் சொல்லுங்கள், பழைய இ.சி.ஜி. இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.