மே மாத இலங்கை: மழைக்கும் பணத்துக்கும் ஒரு கணக்கு

2018இல் இலங்கைக்குப் போன வெளிநாட்டுப் பயணிகள் 23,33,796 பேர். டிசம்பரில் மட்டும் 2,53,169 பேர்; மே மாதத்தில் 1,29,466 பேர். கூட்டம் பாதியாகும்போது அறை வாடகையும் இறங்குகிறது. நம் ஊர்ப் பள்ளி விடுமுறையும் மே மாதம்தான் என்பதால் பல குடும்பங்கள் கொழும்பு, பெந்தோட்டை, காலி என்று பேக்கேஜ் போட்டுவிடுகின்றன. கணக்கு உதைப்பது அங்கேதான்.

மழைக் கணக்கு (மாதச் சராசரி, சுமாராக, மி.மீ.)

பிப்ரவரி: கொழும்பு 70, திருகோணமலை 100
மே: கொழும்பு 390, திருகோணமலை 50
ஜூன்: கொழும்பு 185, திருகோணமலை 25
நவம்பர்: கொழும்பு 410, திருகோணமலை 355

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். மே மாதக் கொழும்பில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 390 லிட்டர் கொட்டுகிறது. 31 நாளில் சுமார் 16 நாள் மழை நாள். மேற்கிலும் தெற்கிலும் கடலும் கொந்தளிக்கும், குளிக்க இறங்குவது ஆபத்து.

காரணம் மலை. 2,524 மீட்டர் வரை உயரும் மத்திய மலைநாடு தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. ஈரத்தை இறக்கிவிட்டு மலையைத் தாண்டும் காற்று கிழக்கே வறண்டு, சூடாக வீசுகிறது. மட்டக்களப்புப் பக்கம் அதைக் கச்சான் என்பார்கள்.

பணக் கணக்கு

நால்வர் குடும்பம், 6 நாள், மொத்தச் செலவு 1,50,000 ரூபாய், அதில் அறை வாடகை 50,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளும் பயன்பட்டால் நாளுக்கு 25,000.

மே மாத மேற்குக் கரை: வாடகையில் 30 சதவீதம் தள்ளுபடி, மிச்சம் 15,000. விமான டிக்கெட், விசா, நுழைவுக் கட்டணம் எதுவும் மழைக்காகக் குறைவதில்லை. மழையில் 2 நாள் போனால் 1,35,000 ÷ 4 = 33,750.

மே மாதக் கிழக்குக் கரை: தள்ளுபடி இல்லை. கொழும்பிலிருந்து திருகோணமலை சுமார் 260 கி.மீ.; வேன் வாடகைக்குக் கூடுதலாக 15,000 சேர்ப்போம். பாதையிலேயே ஒரு நாள் முழுதாகப் போய்விட்டாலும் 1,65,000 ÷ 5 = 33,000.

நாளுக்கு 750 ரூபாய்தான் குறைவு. ஆனால் நல்ல நாள் ஒன்று அதிகம். அந்த நாளில் நிலாவெளிக் கடலில் பிள்ளைகள் இறங்கலாம், புறாத் தீவுக்குப் படகில் போய்ப் பவளப்பாறை பார்க்கலாம், சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலின் மலையுச்சியில் நிற்கலாம். வெயில் 34, 35 டிகிரி இருக்கும். நண்பகலை அறைக்கு ஒதுக்கி, காலையிலும் மாலையிலும் வெளியே போவது நல்லது.

மற்ற மாதங்கள்

பிப்ரவரியில் இரு கரையிலும் மழை குறைவு. லீவு கிடைத்தால் முழுத் தீவையும் பார்க்க ஏற்ற மாதம் அதுதான். டிசம்பரில் தெற்குக் கரை தெளியத் தொடங்கும், கூட்டமும் வாடகையும் உச்சத்தில் நிற்கும். ஏப்ரல் புத்தாண்டையொட்டி, 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் சீசன். அறைக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். நவம்பரில் இரு கரையும் நனைகின்றன, தள்ளிப்போடுங்கள்.

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் போகும் குடும்பத்துக்கு, சன்னல் வழியே மழை பார்த்துத் திரும்பும் பயணம் பெரிய இழப்பு. நிலாவெளிப் படகுக்காரர்களுக்கோ மே முதல் செப்டம்பர் வரைதான் வருமான மாதங்கள். ஏஜெண்ட் விலை சொல்லும் முன்பே, அந்த மாதத்தில் எந்தக் கரை காய்ந்திருக்கும் என்று கேளுங்கள். மே என்றால் கிழக்கு. அதற்கேற்ற பேக்கேஜ் இல்லையென்றால் போட்டுத் தரச் சொல்லுங்கள்.