காரில் குளிர்பெட்டியை எங்கே வைப்பது?

நாட்டுக்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, மாட்டுக்குக் கோமாரி தடுப்பூசி, இரண்டுமே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். நாமக்கல்லில் வாங்கி கெங்கவல்லி வந்து சேர்வதற்குள் அந்தக் குளிர் விட்டுப்போனால், ஊசி போட்டும் போடாத கணக்குதான். அதனால் நம்மில் சிலர் காரில் வைக்கிற குளிர்பெட்டி வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பெட்டியைத் தேர்ந்தெடுக்க ஆகிற யோசனையில் பாதியாவது அதை வைக்கும் இடத்துக்கு வேணும்.

கம்ப்ரசர் இல்லாத மலிவுப் பெட்டி, சுற்றியுள்ள வெப்பத்தைவிட 15, 20 டிகிரிதான் குறைக்கும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய கார் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்துக்குக் கம்ப்ரசர் பெட்டிதான் சரி.

டிக்கியில் வைத்தால் இடம் மிச்சம் என்று தோணும். அடைத்த டிக்கியில் பெட்டி வெளியே தள்ளுகிற சூடு போக வழியில்லை, அதே சூட்டைத்தான் திரும்ப இழுக்கும். பின்கண்ணாடிக்குக் கீழே வைக்கிற காரில் இன்னொரு சங்கடம். நாம் சேலமோ நாமக்கல்லோ போவது மேற்குப் பக்கம். காலையில் போகும்போது வெயில் முதுகில், சாயங்காலம் கிழக்கே திரும்பும்போதும் முதுகில். போக வர இரண்டு வேளையும் பின்கண்ணாடிதான் காயும்.

சின்னப் பெட்டி என்றால் முன் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் தரையில் வையுங்கள். நிழல், ஏசி காற்று, பிளக்குக்குக் கிட்டே. பெரிசு என்றால் பின் சீட்டில், பெல்ட்டைக் கைப்பிடிக்குள் விட்டு இறுக்கி. காற்றுத் துளை இருக்கும் பக்கம் நாலு விரல்கடை இடைவெளி விடணும். சாக்கு, துண்டு எதையும் அதன்மேல் போடாதீர்கள். முன் சீட்டு வேண்டவே வேண்டாம், அங்கே ஏர்பேக் இருக்கு. பிரேக் அடிச்சா பெட்டி பறக்கும், அதனால் எங்கே வைத்தாலும் கட்டிப் போடுங்க.

ஒயரும் இடத்தோடு சேர்ந்த விஷயம். 60 வாட் பெட்டி 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். மெல்லிசு ஒயரை நீட்டி டிக்கி வரை கொண்டுபோனால் வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கி, பெட்டி தானாக நின்றுவிடும். வண்டியை நிறுத்திவிட்டு ஓடவிட்டால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றரை மணியில் பாதி காலி. குறைந்த வோல்ட்டேஜில் தானே அணையும் வசதி உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டிக்குள்ளேயும் இடம் பார்க்கணும். கோமாரி ஊசி உறைஞ்சா வீணாகிவிடும். 4 டிகிரியில் வைத்து, குளிர்ச்சுவரில் ஒட்டாமல் நடுவில், காகிதத்தில் சுற்றி வையுங்கள். தக்காளி, கத்திரி, வாழையை இதில் திணிக்க வேண்டாம். அந்தக் குளிர் அதுகளுக்கு ஆகாது. கீரைக்கு ஈரச்சாக்கே போதும், அதற்குக் கரண்டும் வேண்டியதில்லை.