கேழ்வரகுக்குப் பாராட்டு, அரிசிக்குக் கொள்முதல்

புது தில்லி: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்காக 2022 டிசம்பர் 20-ஆம் தேதி மத்திய வேளாண் அமைச்சராக இருந்த நரேந்திர சிங் தோமர் ஒரு சிறுதானிய விருந்து அளித்தார். கேழ்வரகு இட்லி, கேழ்வரகு தோசை ஆகியவற்றைத் தயாரிப்பதற்கென்றே கர்நாடகத்திலிருந்து சமையல் கலைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். பிரதமர் நரேந்திர மோடியும் காங்கிரஸ் தலைவர் மல்லிகார்ஜுன கார்கேயும் ஒரே மேஜையில் அமர்ந்து உண்டனர். அவையில் காணக் கிடைக்காத ஒற்றுமை அன்று சாப்பாட்டு மேஜையில் காணக் கிடைத்தது.

ஆனால், அதே ஆண்டின் தொடக்கத்தில் அதே கர்நாடகத்தின் கேழ்வரகு விவசாயிகள் வீதியில் நின்றனர். ஆதரவு விலையில் வாங்கப்படும் கேழ்வரகின் அளவுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டிருந்ததே காரணம். 2021-22 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு ரூ.3,377 என ஆதரவு விலை அறிவிக்கப்பட்டிருந்தது. வெளிச்சந்தையிலோ அதைவிட வெகு குறைவான விலையே கிடைத்தது. வரம்பு எட்டியதும் பதிவு நிறுத்தப்பட்டது. சிறு, குறு விவசாயிகளிடம் மட்டுமே வாங்குவது என்ற நிபந்தனை வேறு. இப்பிரச்னை பெங்களூரு விதான சௌதாவில் எதிரொலித்தது. மாநில அரசு மீண்டும் தில்லியை அணுகி, கூடுதல் கொள்முதலுக்கு அனுமதி பெற வேண்டியிருந்தது.

விருந்துக்கும் வீதிப் போராட்டத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் நாட்டின் உணவு அரசியல் அடங்கியுள்ளது. மக்கள் என்ன உண்ண வேண்டும் என்பதை அரசின் விழாக்கள் தீர்மானிப்பதில்லை. அரசின் கொள்முதல் விதிகளே தீர்மானிக்கின்றன.

சட்டத்தில் இடம் உண்டு

தேசிய உணவுப் பாதுகாப்பு மசோதா மக்களவையில் 2013 ஆகஸ்ட் 26-ஆம் தேதியும், மாநிலங்களவையில் செப்டம்பர் 2-ஆம் தேதியும் நிறைவேறியது. அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், பருதானியங்கள் ஒரு ரூபாய் என அச்சட்டம் விலை நிர்ணயித்தது. 2023 ஜனவரி முதல் இவை இலவசமாயின. கேழ்வரகு, சோளம், கம்பு ஆகியவற்றை நியாயவிலைக் கடையில் வழங்கச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. மாநிலங்கள் தாமே கொள்முதல் செய்து வழங்கினால், அதற்கான செலவை மத்திய அரசு ஏற்கவும் வழி உள்ளது.

நடைமுறையில் முட்டுக்கட்டையாக அமைந்தது கால வரம்பு. கொள்முதல் செய்த கேழ்வரகையும் சோளத்தையும் மூன்றே மாதங்களில் வழங்கி முடித்துவிட வேண்டும் என்பது முந்தைய விதி. நன்கு உலர்த்திய கேழ்வரகு நீண்ட நாள் கெடாது என்பது தென்னிந்தியக் குடியானவர் ஒவ்வொருவரும் அறிந்தது. தில்லியின் விதிப் புத்தகமோ அறியவில்லை. மூன்று மாதத்தில் வழங்கக்கூடிய அளவுக்கு மேல் வாங்கினால் மீதம் மாநிலத்தின் தலையில் விழும் என்பதால், வாங்குவதிலேயே தயக்கம் ஏற்பட்டது.

2021 டிசம்பரில் இவ்விதி திருத்தப்பட்டது. சோளத்துக்கு ஆறு மாதம், கேழ்வரகுக்கு ஏழு மாதம் எனக் காலம் நீட்டிக்கப்பட்டது. உபரியை இந்திய உணவுக் கழகத்தின் மூலம் பிற மாநிலங்களுக்கு அனுப்பவும் வழி செய்யப்பட்டது. ஒரு விருந்தும் சாதிக்க முடியாததை ஒரு சுற்றறிக்கை சாதிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

விலையைப் பொருத்தவரை கேழ்வரகு பின்தங்கவில்லை. 2017-18 பருவத்தில் குவிண்டாலுக்கு ரூ.1,900 ஆக இருந்த ஆதரவு விலை, மறு ஆண்டே ரூ.2,897 ஆக உயர்ந்தது. 2025-26 பருவத்துக்கு அது ரூ.4,886, சாதாரண ரக நெல்லுக்கு ரூ.2,369. ஆனால், விலை அறிவிப்பு வேறு, வாங்குவது வேறு. நெல்லும் கோதுமையும் கடைசி மூட்டை வரை வாங்கப்படும் என்ற நம்பிக்கை பஞ்சாப் விவசாயிக்கு உண்டு. தும்கூரின் கேழ்வரகு விவசாயிக்கு அந்த நம்பிக்கை இல்லை. மத்தியத் தொகுப்பில் தேங்கிய அரிசியில் 52 லட்சம் டன்னை எத்தனால் தயாரிக்க ஒதுக்கும் நிலை 2024-25-இல் ஏற்பட்டதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெங்களூரு சமையற்கூடங்கள்

நாட்டின் கேழ்வரகு விளைச்சலில் பாதிக்கும் மேல் கர்நாடகத்தில்தான். பெங்களூரைச் சுற்றியுள்ள கோலார், தும்கூரு, ராமநகரம், ஹாசன் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளைவது அது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. இருந்தும், நகரின் பொதுச் சமையற்கூடங்களுக்குள் கேழ்வரகு நுழைவது எளிதாக இருக்கவில்லை.

நகராட்சிப் பகுதிகளில் மலிவு விலை உணவு வழங்கும் இந்திரா உணவகத் திட்டம் 2017 ஆகஸ்ட் 16-ஆம் தேதி பெங்களூரில் ராகுல் காந்தியால் தொடங்கி வைக்கப்பட்டது. காலை உணவு 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். தொடக்கத்தில் இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், தயிர் சாதம் என அரிசியே கோலோச்சியது. அதே மாதத்தில் முன்னாள் பிரதமர் தேவே கௌடாவின் பெயரால் மதச்சார்பற்ற ஜனதா தளத்தினர் ஹனுமந்தநகரில் திறந்த "அப்பாஜி" உணவகம் கேழ்வரகுக் களியை முன்னிறுத்தியது. களி யாருடைய உணவு என்பதும் அங்கு அரசியலே. பின்னர் இந்திரா உணவகங்களின் திருத்திய பட்டியலிலும் களி இடம்பெற்றது.

பிள்ளைகள் சிறுதானியத்தை விரும்பமாட்டார்கள் என்ற வாதத்துக்கும் பெங்களூரிலேயே விடை கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் இந்நகரின் ஐந்து பள்ளிகளில் 1,500 குழந்தைகளுடன் மதிய உணவுப் பணியைத் தொடங்கியது அக்ஷய பாத்திரம் அமைப்பு. அதன் சமையற்கூடத்தின் துணையுடன், ஹைதராபாத் அருகேயுள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் நகர்ப்புறத்தை ஒட்டிய பள்ளிகளில் ஏறத்தாழ 1,500 மாணவர்களிடம் மூன்று மாதங்கள் ஆய்வு நடத்தியது. அரிசிக்குப் பதில் கேழ்வரகு இட்லி, சாமையும் கம்பும் கலந்த பிசிபேளே பாத் போன்றவை வழங்கப்பட்டன. பிள்ளைகள் விரும்பி உண்டனர். வழக்கமான உணவு உண்டவர்களைவிட அவர்களது வளர்ச்சி மேம்பட்டிருந்தது. 2019-இல் ஆய்வு முடிவுகள் வெளியாயின. பழக்கமான பண்டத்தின் உருவிலேயே தானியத்தை மாற்றியதுதான் சூட்சுமம்.

முட்டைக்கு யார் பணம்?

"பசித்த பள்ளிப் பிள்ளைக்குச் சமைத்த உணவு தர வேண்டும்" என்பதை உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28-ஆம் தேதி ஆணையாகவே பிறப்பித்தது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம் என அளவும் குறிப்பிட்டது. புரதம் எங்கிருந்து வரும் என்பதில்தான் சிக்கல்.

கர்நாடகத்தின் வடபகுதியில் பீதர், ராய்ச்சூர், யாதகிரி உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில் 2021 டிசம்பரில் பள்ளிகளில் முட்டை வழங்கும் திட்டம் தொடங்கியபோது, சில மடாதிபதிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். முட்டை உண்ணாதோருக்கு வாழைப்பழம் என அரசு நடுவழி கண்டது. மறு ஆண்டில் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவடைந்தது. வாரத்தில் இரு நாள் அரசு முட்டை வழங்க, எஞ்சிய நான்கு நாள்களுக்கான செலவை ஏற்க அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 2024 ஜூலையில் அரசுடன் ஒப்பந்தம் செய்தது. மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் ரூ.1,500 கோடி. அதே ஆண்டு பிப்ரவரியில், பாலுடன் கேழ்வரகு மாவுக் கலவை வழங்கும் திட்டம் சத்ய சாயி அன்னபூர்ணா அறக்கட்டளையின் துணையுடன் தொடங்கியது.

தர்மசிந்தனை பாராட்டுக்குரியது. ஆனால், அரசு வாங்க வேண்டியதை அறக்கட்டளை வாங்கித் தரும்போது, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் என்ன என்ற கேள்வி எழாமல் இராது. பள்ளி மதிய உணவுக்கான பொருள்செலவாகத் தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ரூ.6.78, நடுநிலைப் பள்ளி மாணவருக்கு ரூ.10.17 என மத்திய அரசு 2025 மே முதல் நிர்ணயித்தது. பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். கர்நாடகத்தில் முட்டை வாங்கவும், வேகவைக்கவும், உரிக்கவும் சேர்த்து ஒரு முட்டைக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6 ரூபாய். சந்தையில் விலை ஏறியபோது, மீதியைத் தலைமையாசிரியர்கள் கைக்காசிலிருந்து கட்ட நேர்ந்ததாக முறையீடு எழுந்தது. மத்திய, மாநில அரசுகள் 60:40 விகிதத்தில் பகிரும் இத்தொகையில் முட்டைக்கு இடமே இல்லை என்பதைக் கணக்குத் தெரிந்த எவரும் உணர்வர்.

தமிழகத்துக்கு என்ன?

வாரத்துக்கு ஐந்து முட்டை என்பதைத் தமிழகம் 2010-இலேயே எட்டிவிட்டது. கேழ்வரகில் தமிழகம் பின்னரே அடியெடுத்து வைத்தது. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசி அட்டைதாரர்களுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. இங்கு தேவை பெருகினால், எல்லைக்கு அப்பால் விளையும் கேழ்வரகுக்கும் சந்தை உறுதியாகும்.

இதில் காவிரியும் அடங்கியுள்ளது. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் தமிழகத்துக்குக் கர்நாடகம் திறந்துவிட வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது. இருக்கும் நீர் போதவில்லை என இரு மாநிலங்களும் வாதிடும் படுகையில், மழையை மட்டும் நம்பி விளையும் ஒரு தானியத்தை வாங்குவதா, பாசனம் கோரும் தானியத்தை மேலும் மேலும் வாங்குவதா என்பது நீர்க் கொள்கையும் ஆகும்.

பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் நேரடியாகப் பொருள் வாங்கச் செலவிட வேண்டும் என 2009-இல் சட்டமியற்றியது பிரேசில். நம்மிடம் அத்தகைய கட்டாயம் இல்லை. வாரம் ஒருமுறையாவது சிறுதானியம் சேர்க்கலாம் என்ற அறிவுரையே உள்ளது. கர்நாடக அமைச்சரவை, கூடுதல் ஐந்து கிலோ அரிசிக்கு மாற்றாகப் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, உப்பு அடங்கிய தொகுப்பு வழங்க 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. அரிசியை மட்டும் குவிப்பது ஊட்டச்சத்து ஆகாது என்பதை ஒரு மாநிலமேனும் ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம்.

அடுத்து நகர வேண்டியது தில்லி. கொள்முதல் உச்சவரம்பை அறுவடைக்கு முன்பே அறிவிப்பது, மாநிலம் கோரும் அளவுக்கு மத்தியத் தொகுப்பில் அரிசிக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்குவது, மதிய உணவுப் பொருள்செலவில் முட்டைக்குத் தனி ஒதுக்கீடு செய்வது ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. நிதிநிலை அறிக்கையில் ஒரு வரியும், உணவுத் துறையில் ஒரு சுற்றறிக்கையும் போதும்.