போனில் பேசி நின்ற சண்டை... மொசாம்பிக் அமைதியை அதிபர் நியூசி மீட்டது எப்படி?

2016 டிசம்பர் கடைசி வாரம். மொசாம்பிக் அதிபர் ஃபிலிப்பே நியூசியும், காட்டுக்குள் இருந்த ரெனாமோ தலைவர் அஃபோன்சோ தலகாமாவும் போனில் பேசினார்கள். உடனே ஒரு வாரப் போர் நிறுத்தத்தை அறிவித்தார் தலகாமா. அது 60 நாளாகி, பிறகு காலவரையின்றி நீண்டது.

சண்டை எதற்கு?

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக், 1975-ல் போர்ச்சுகலிடம் இருந்து விடுதலை பெற்றது. இரண்டே ஆண்டில் உள்நாட்டுப் போர். ஆளும் ஃபிரெலிமோ ஒரு பக்கம், ரெனாமோ கிளர்ச்சிப் படை மறுபக்கம். சுமார் 10 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1992 அக்டோபர் 4-ம் தேதி ரோமில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ரெனாமோ அரசியல் கட்சியானது. ஆனால் ஆயுதங்களை முழுசாக ஒப்படைக்கவில்லை.

தலகாமா 5 அதிபர் தேர்தல்களில் நின்று ஐந்திலும் தோற்றார். முறைகேடு என்று புகார் சொன்னார். 2013-ல் மறுபடியும் மோதல். அந்த அக்டோபரில் கோரங்கோசாவில் இருந்த அவரது முகாமை ராணுவம் பிடித்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் யார் தெரியுமா? இதே நியூசிதான்!

நியூசி என்ன செய்தார்?

2015-ல் நியூசி அதிபரான பிறகும் சண்டை ஓயவில்லை. அந்த செப்டம்பரில் தலகாமாவின் வாகன அணிவகுப்பு தாக்கப்பட்டது. அதன்பின் அவர் காட்டுக்குள் போனவர்தான். ஆயிரக்கணக்கானோர் மலாவிக்கு ஓடினார்கள். வெளிநாட்டு மத்தியஸ்தர்களை வைத்துப் பேசியும் பலன் இல்லை.

அதன் பிறகுதான் நேரடிப் பேச்சு கைகொடுத்தது. தலகாமா வெளியே வர மாட்டார் என்றால், நாமே போகலாம் என்று முடிவெடுத்த நியூசி, 2017 ஆகஸ்டில் கோரங்கோசாவுக்கே போய் அவரைச் சந்தித்தார்.

தலகாமா இறந்த பிறகு?

2018 மே 3-ம் தேதி தலகாமா காலமானார். எல்லாமே இந்த இருவரின் நம்பிக்கையில் நின்றதால், அமைதி கலைந்துவிடுமோ என்ற பயம் எழுந்தது. ஆனால் அவர்கள் பேசி முடித்த விஷயம் அதே மாதம் அரசியல் சட்டத் திருத்தமானது. அதுவரை அதிபர் நியமித்துவந்த மாகாண ஆளுநர் பதவி, இனி மாகாணத் தேர்தலில் ஜெயிக்கும் கட்சிக்கு. 2019 ஆகஸ்டில் புதிய தலைவர் ஒசுஃபோ மொமாடே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 2023 ஜூனில் ரெனாமோவின் கடைசி முகாம் மூடப்பட்டது. 5,200-க்கும் மேற்பட்டோர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

சரி, பிரச்னை தீர்ந்ததா?

முழுசாக இல்லை. 2019 அக்டோபர் தேர்தலில் 10 மாகாணங்களையும் ஃபிரெலிமோவே பிடித்தது. ரெனாமோவுக்கு ஒரு ஆளுநர்கூட இல்லை. மீண்டும் முறைகேடு புகார். 2024 தேர்தலுக்குப் பிறகு வெடித்த போராட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். வடக்கே காபோ டெல்காடோவில் 2017-ல் தொடங்கிய ஆயுதக் குழுக்களின் தாக்குதல் தனிக்கதை.

பழைய எதிரியை நேரில் போய்ச் சந்தித்து, ரெனாமோவுடனான சண்டையை நிறுத்தினார் நியூசி. ஆனால் அந்தச் சண்டைக்குக் காரணமான தேர்தல் மீதான அவநம்பிக்கை, அவர் 2025 ஜனவரியில் பதவி விலகும்போதும் அப்படியேதான் இருந்தது.