ஜட்காக் குதிரையின் மூச்சு

கோலார் தங்க வயலில் வாழ்ந்த நேயர்களுக்கும், அங்கே உற்றார் உறவினரைக் காணச் சென்று வந்த நேயர்களுக்கும், மாரிக்குப்பம் இரயில் நிலையத்தின் வெளியே வரிசையாக நின்ற ஜட்கா வண்டிகள் நினைவிலிருக்கும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்காக வந்த நம்மவர்கள், மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் அவ்வண்டிகளில் ஏறித்தான் தங்கள் குடியிருப்பு வரிசைகளை அடைந்தனர். வண்டியைப் பற்றியும் வண்டிக்காரரின் வாய்ச்சாலகத்தைப் பற்றியும் பேசுவோர் உண்டு. குதிரையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அதிலும் அக்குதிரை எவ்வாறு மூச்சு விடுகிறது என்று எண்ணிப் பார்த்தோர் அரியர். என் தந்தையார் ஜட்கா ஓட்டியவராகையால் எனக்கு அந்த எண்ணம் இளமையிலேயே வாய்த்தது.

குதிரையின் சுவாச அமைப்பு நம்முடையதைப் போன்றதன்று. ஓட்டத்தின்போது மூக்கு அடைபட்டால் நாம் வாயால் மூச்சு வாங்கிக்கொள்வோம். குதிரைக்கு அது இயலாது. அதன் மெல்லண்ணம் நீண்டு தொங்கி, குரல்வளையின் மூடிக்குக் கீழே பொருந்தி நிற்பதால், வாய்க்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே இயல்பாக வழியில்லை. ஆகவே அது உள்ளே இழுக்கும் காற்று முழுவதும் அந்த இரண்டு நாசிகளின் வழியாகவே செல்ல வேண்டும். ஓய்வாக நிற்கும் குதிரை நிமிடத்திற்கு 8 முதல் 16 முறை வரை மூச்சு விடும். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 5 லிட்டர் காற்று உட்புகும். நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு என்று கணக்காகச் சேர்ந்துகொள்ளும். அப்போது நிமிடத்திற்கு நூறு மூச்சுக்கும் மேலாகிவிடும். ஜட்காக் குதிரை அவ்வாறு பாய்வதில்லை. எனினும், ஆறு பேரையும் அரிசி மூட்டையையும் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது அதன் நுரையீரல் செய்யும் உழைப்பு சிறிதன்று.

இத்தனை காற்றை இழுக்கும் பிராணி, அக்காற்றோடு கலந்திருக்கும் தூசியையும் அதே அளவில் இழுக்கிறது. தங்க வயலில் தூசி என்றவுடன் அனைவரும் சுட்டிக்காட்டுவது சயனைடு மேடுகளைத்தான். பாறையைப் பொடியாக அரைத்துச் சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய சக்கையை ஆண்டாண்டாகக் கொட்டியதால் எழுந்த குன்றுகள் அவை. சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னும் அம்மேடுகள் அங்கிருந்து அகலவில்லை. கோடையில் காற்றடிக்கும் நாட்களில் வெண்பொடி எழுந்து ஊரின்மேல் படியும். எங்கள் ராணி இருமத் தொடங்கியபோது, என் தந்தையாரும் அந்த மேட்டின்மீதுதான் பழியைப் போட்டார்.

ராணி என்பது எங்கள் பெண் குதிரை. 1960-களின் நடுவில் ஒரு மார்கழி மாதம். காலையில் சேணம் பூட்டியவுடன் இரண்டு மூன்று முறை இருமும், பிறகு சரியாகிவிடும். இதனை யாரும் பெரிதாகக் கருதவில்லை. சில வாரங்களில், நின்ற இடத்திலேயே நாசிகள் அகல விரிந்தன. மூச்சை வெளிவிடும்போது வயிறு ஒருமுறை சுருங்கி, போதாமல் மறுமுறையும் சுருங்கியது. விலாவின் அடியோரமாக ஒரு தசைக்கோடு தடித்துத் தெரிந்தது. சவாரி ஏற்றினால் பாதி மேட்டில் நின்றுவிடும். சோம்பல் என்று சொல்லிச் சவுக்கை எடுக்கும்படி நண்பர்கள் யோசனை கூறினர். தந்தையார் சவுக்கை எடுக்கவில்லை. ஆனால் அதனினும் கேடான ஒன்றைச் செய்தார். மேட்டுத்தூசி வராதிருக்க லாயத்தின் பலகணியைச் சாக்கினால் அடைத்தார். குளிருக்காகக் கதவையும் சாத்தினார். கொசுவுக்காக மாலைதோறும் வேப்பிலைப் புகை போட்டார். உலர்புல் எல்லாம் குதிரையின் தலைக்கு நேர்மேலே பரணில் அடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறை புல் இழுக்கும்போதும் அதன் பொடி ராணியின் முகத்தின்மேல் உதிரும். எல்லாம் அன்பினால் செய்தவை. ராணியின் நிலை நாளுக்கு நாள் மோசமாயிற்று.

ஒரு ஜட்காக் குதிரை படுத்துவிட்டால் ஒரு குடும்பம் படுத்துவிட்டது என்று பொருள். விற்கலாமென்றால், இரைக்கும் குதிரையை விலைகொடுத்து வாங்குவார் யார்? அடிமாட்டு விலைக்குக் கேட்டு ஒருவர் வந்துபோனார் என்று அம்மா பின்னாளில் சொன்னதுண்டு.

அப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் என் தாய்மாமன் பெரும்பகுதி நேரம் அமர்ந்திருப்பார். சுரங்கத்தில் பல ஆண்டுகள் பாறையில் துளையிடும் வேலை பார்த்தவர். அவருக்கு வந்திருந்தது சிலிக்கோசிஸ். படிகக்கல்லைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் சிலிக்காத் துகள், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. அது நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. தழும்பேறிய நுரையீரல் விரிந்து சுருங்காது. 1940 முதல் 1946 வரை தங்க வயல் தொழிலாளர் 7,653 பேரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் இந்நோய்க்குறி காணப்பட்டது. இந்தியாவில் இந்நோயைப் பற்றி முதலில் வெளிவந்த அறிக்கைகளுள் ஒன்று அது. பிற்காலத்தில் நீர் பாய்ச்சித் துளையிடும் முறையும் காற்றோட்ட ஏற்பாடுகளும் தூசியைக் குறைத்தன. ஆயினும், ஏற்கெனவே உட்சென்ற துகளை வெளியே எடுக்க வழியில்லை.

மாமா ராணியையே பார்த்துக்கொண்டிருப்பார். "என் மாதிரியேதான் இழுக்குது" என்று ஒருநாள் சொன்னார். அவர்தாம் தந்தையாரை வற்புறுத்திக் கால்நடை மருத்துவரை அழைத்துவரச் செய்தார்.

வந்த மருத்துவர் குதிரையைத் தொடுமுன் லாயத்தினுள் சென்று குனிந்து முகர்ந்து பார்த்தார். சிறுநீர் ஊறிய படுக்கையிலிருந்து எழும் அம்மோனியா நெடி, நின்றுகொண்டிருக்கும் மனிதனுடைய மூக்குக்கு எட்டுவதைவிடத் தரையருகே தலை தாழ்த்தும் குதிரைக்கே மிகுதியாக எட்டும். பிறகு பரணிலிருந்து ஒரு கைப்பிடிப் புல்லை எடுத்து உதறினார். வெயிற்கீற்றில் சாம்பல் நிறப் பொடி பறந்தது. சரியாக உலராமல் கட்டி வைத்த புல்லில் பூசணம் பூக்கிறது. அதன் வித்துக்கள்தாம் அந்தப் பொடி. இவ்வித்துக்களை நாள்தோறும் உட்கொள்ளும் சில குதிரைகளின் நுரையீரல் அவற்றைப் பகையாகக் கருதிவிடுகிறது. மூச்சுக்குழாய்களைச் சூழ்ந்த தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி திரள்கிறது. காற்று உள்ளே போய்விடும், வெளியே வருவதுதான் கடினம். அதனால்தான் வயிறு இருமுறை சுருங்குகிறது. மனிதருக்கு வரும் ஆஸ்துமாவை இது பெரிதும் ஒத்திருப்பதால், இக்காலத்து மருத்துவர்கள் இதனைக் குதிரை ஆஸ்துமா என்றே வழங்குகின்றனர்.

அவர் சொன்னவை எளியவை. சாக்கை எடுக்க வேண்டும். பலகணி திறந்தே இருக்க வேண்டும். குளிரைக் குதிரை தாங்கும், வேண்டுமானால் முதுகில் ஒரு கம்பளி போடலாம். புகை கூடாது. புல்லை வேறு கொட்டகைக்கு மாற்ற வேண்டும். பச்சைப்புல் கிடைக்கும் நாளில் பச்சைப்புல்லே. கிடைக்காதபோது உலர்புல்லை அரைமணி நேரம் நீரில் நன்றாக மூழ்க வைத்து, நீரை வடித்து, ஈரம் காயுமுன் கொடுக்க வேண்டும். பூசணம் பிடித்த புல்லை எறிந்துவிட வேண்டும். நனைத்தால் அது நல்ல புல்லாகிவிடாது. கொள்ளை வழக்கம்போல் ஊறவைத்தே கொடுக்கலாம். தீவனத்தை உயரத் தொட்டியில் இடாமல் தரையில் இட வேண்டும் என்றதுதான் எங்களுக்குப் புதுமையாயிருந்தது. குதிரை இயற்கையில் தலை தாழ்த்தி மேயும் பிராணி. அவ்வாறு மேயும்போது மூச்சுக்குழலிலுள்ள சளி தானாகவே வழிந்து இறங்கும். தலையை உயர்த்திக் கட்டி லாரியில் நெடுந்தூரம் ஏற்றிச் செல்லும் குதிரைகளுக்கு நுரையீரல் சுரம் காண்பதன் காரணமும் இதுவே. வண்டிக் குதிரையின் தலையை இழுத்து நிமிர்த்தும் வார்க்கட்டைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் அன்னா சிவெல் 1877-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளாக் பியூட்டி' என்னும் கதையில் கண்டித்தார். நம் ஜட்காக்களில் அழகுக்காகக் கடிவாளத்தை இறுக்கியோர் அந்நூலைப் படித்திருக்க மாட்டார்கள்.

அன்று முதல் மாமா திண்ணையில் அமர்ந்தபடியே ராணியின் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணத் தொடங்கினார். கையில் ஒரு பழைய கடிகாரம். சுவரில் கரிக்கோடு. முதல்நாள் 28. இரண்டு வாரம் கழிந்து 20. மாசி பிறக்கும்போது 14. சில வாரங்களில் ராணி மேட்டில் நிற்காமல் ஏறியது. குதிரை ஆஸ்துமாவின் தன்மை அதுதான்: காரணமான தூசியை விலக்கினால் பெரும்பாலும் அடங்கும், முற்றிலும் போய்விடாது, மீண்டும் பழைய புல்லைப் போட்டால் சில நாட்களிலேயே திரும்பும். மாமாவின் நுரையீரலுக்கு அத்தகைய வழி இல்லை. அடுத்த ஆண்டு அவர் காலமானார். கரிக்கோடுகள் வெகுநாள் சுவரில் இருந்தன. வெள்ளையடிக்கும்போது தந்தையார் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

அப்படியானால் தூசிமேட்டின்மீது தந்தையார் சுமத்திய பழி வீண்பழியா? ராணியின் விஷயத்தில் ஆம் எனலாம். ஆனால் சிலிக்கா குதிரையை விட்டுவிடும் என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மான்டரே – கார்மெல் கடற்கரைப் பகுதியில், மெலிந்து இரைத்த குதிரைகளின் நுரையீரல்களை ஆராய்ந்தவர்கள், அங்கே சிலிக்காத் துகளும் தழும்பும் இருக்கக் கண்டு 1981-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். அவ்வூர் மண்ணிலேயே அந்தச் சிலிக்கா இருந்தது. மேய்ந்த குதிரைகள் அதனை முகர்ந்தன. அத்தகைய குதிரைகளுள் சிலவற்றுக்கு எலும்பும் நலிந்து முறிவதைப் பின்னர் வந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். ஆகவே கல்லுடைக்கும் இடங்களுக்கும் சுரங்கச் சக்கை மேடுகளுக்கும் அருகே குதிரையைக் கட்டாதிருப்பதும், காற்று எழும் நாளில் வேறு வழியாக ஓட்டுவதும் அறிவுடைமை.

தூசியினால் வருவனவன்றித் தொற்றினால் வருவனவும் உண்டு. ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய் என்பது சிறு கொசு போன்ற ஒரு பூச்சியினால் பரவுவது; நுரையீரலில் நீர் தேங்கி, நாசியில் நுரை தள்ளி, சில நாட்களுக்குள் குதிரை மடியும். அது 1960-ஆம் ஆண்டில் மேற்கு நாடுகளின் வழியே இந்தியாவினுள் புகுந்தது. அந்தப் பரவலில் இந்நாடுகள் எல்லாவற்றிலுமாக மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட குதிரை இனப் பிராணிகள் மடிந்தன. குதிரை இன்புளுவென்சா 1987-ஆம் ஆண்டிலும், மறுபடி 2008-ஆம் ஆண்டிலும் நம் நாட்டில் பரவியது. இரண்டாம் முறை அது முதலில் தென்பட்டது ஜம்முவில், யாத்திரிகர்களைச் சுமக்கும் குதிரைகள் நிறைந்த கத்ராவில். இதற்குத் தடுப்பூசி உண்டு. மூக்கிலும் தோலிலும் புண் தோன்றும் கிளாண்டர்ஸ் நோயோ மனிதரையும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி இல்லை. நோயுற்ற குதிரையை அரசுக்கு அறிவித்தே தீர வேண்டும் என்று 1899-ஆம் ஆண்டிலேயே சட்டம் ஏற்பட்டது.

தங்க வயலில் ஜட்காவின் காலம் ஆட்டோவுக்கு இடம் விட்டது. ஆனால் மைசூரில் அரண்மனையைச் சுற்றி இன்றும் டாங்காக்கள் ஓடுகின்றன. பல நகரங்களில் திருமண ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டியிருக்கிறது. சென்னைக் கடற்கரையில் குழந்தைகள் சவாரி செய்கிறார்கள். இவற்றை வைத்துப் பிழைக்கும் நேயர்கள், குதிரை ஓய்வாக நிற்கும்போது அதன் விலாவை ஒரு நிமிடம் பார்த்து எண்ணிப் பழகிக்கொள்ளலாம். எண்ணிக்கை 20-ஐத் தாண்டி அப்படியே நின்றாலும், வெளிமூச்சில் வயிறு இருமுறை சுருங்கினாலும் புல்லையும் லாயத்தையும் முதலில் சோதியுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். இக்காலத்தில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை முகமூடி வழியாகவே குதிரைக்குச் செலுத்துகின்றனர். ஸ்டீராய்டு மருந்துகளும் உண்டு, ஆனால் அவை குளம்பைக் கெடுக்கக்கூடியவையாதலால் கடையில் வாங்கித் தாமாகவே கொடுப்பது ஆபத்து. உடற்சூடு 101.5 டிகிரிக்கு மேல் ஏறி, மூக்கில் சீழ்போல் சளி வடிந்தால் அது தூசி நோயன்று. அக்குதிரையைத் தனியே கட்டி, அதற்கெனத் தனி வாளியும் தனித் துணியும் வைத்து, மருத்துவர் வரும்வரை வண்டியில் பூட்டாதிருங்கள்.