கூந்தன்குளத்துக் கூழைக்கடாக்கள்

அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு ஒரு காலத்தில் அற்றுப்போகும் நிலையில் இருந்தது. 1963-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அலாஸ்கா நீங்கலாக அந்நாடு முழுவதிலும் கூடுகட்டிய இணைகள் 417 மட்டுமே. அங்குள்ள பழுப்புக் கூழைக்கடாவுக்கும் அதே கதிதான். இரண்டும் மீன் தின்னும் பறவைகள். குற்றவாளி யார் தெரியுமா? டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி.

டி.டி.டி. நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே நீர்நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், அதைத் தின்னும் பறவைக்கும் போகப்போக அதன் செறிவு ஏறிக்கொண்டே செல்லும். பறவையின் உடலில் அது டி.டி.இ. என்ற பொருளாக மாறி, முட்டை ஓட்டில் கால்சியம் படிவதைத் தடுக்கிறது. கூழைக்கடா தன் சவ்வுப் பாதங்களால் முட்டையை அணைத்தே அடைகாக்கும். ஓடு மெலிந்தால் என்ன ஆகும்? தாயின் எடையே முட்டையை நொறுக்கிவிடும்! 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.-யைத் தடை செய்தது. 2007-இல் கழுகும் 2009-இல் பழுப்புக் கூழைக்கடாவும் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இந்தியாவில் வேளாண்மைக்கு அதைப் பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது.

நம் நாட்டுக் கூழைக்கடாவின் மேல் அலகில் புள்ளிகள் இருக்கும். பர்மாவின் சித்தாங் ஆற்றுச் சமவெளியில் 1877-இல் ஓட்ஸ் என்பவர் இதன் எண்ணற்ற கூடுகளைக் கண்டார்; 1930-களின் இறுதியில் அங்கே ஒன்றுகூட இல்லை. உலக அளவில் அழிவை நோக்கிச் சென்ற இப்பறவை இன்று சற்றே தேறியிருக்கிறது. அதற்கு உதவிய ஊர்களில் ஒன்று நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளம்.

1994-இல் இவ்விடம் பறவைகள் சரணாலயமாயிற்று. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஊர்மக்கள் பறவைகளைக் காத்துவந்தனர். வீட்டு முற்றத்து வேம்பில்கூடக் கூடு இருக்கும். எச்சத்தின் நாற்றத்தை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறதே! எனினும் உரத்துக்காக மட்டுமே இத்தனையும் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை.

சிக்கல் தண்ணீரில்தான் இருக்கிறது. முட்டை பொரிய ஒரு மாதம். குஞ்சு பறக்க மேலும் மூன்று, நான்கு மாதங்கள். ஜனவரியில் இட்ட முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மே, ஜூன் வரை மீன் வேண்டும். குளமோ மழையையும் மணிமுத்தாறு அணையின் கால்வாய் நீரையும் நம்பியிருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் பயிருக்கே நீர் போதாது. பறவைக்கு யார் விடுவார்கள்? குளம் வறண்டால் கூடுகளும் இல்லை. சட்டம் வேட்டையைத் தடுக்கலாம். வானத்தை என்ன செய்யும்?

நீங்கள் பார்க்கப் போவதானால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். தொலைநோக்கி எட்டு மடங்கு பெருக்குவதாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் பெருகித் தெரியும். அதிகாலையில் போய்விட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். வெயில் ஏறித் தரை சூடானதும் வெப்பக் காற்று மேலெழும். ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள இப்பறவை அதில் ஏறி, சிறகை விரித்தபடியே வட்டமிட்டு உயரும். அங்கிருந்து தொலைவிலுள்ள குளங்களுக்குச் சறுக்கிச் செல்லும். இரை கொண்டு திரும்பும்போது கூட்டைக் கவனியுங்கள்: குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையையே நுழைத்துவிடும். வளர்ந்த பறவை அநேகமாகக் குரல் எழுப்பாது. மரத்திலிருந்து கேட்கும் கூச்சல் எல்லாம் குஞ்சுகளுடையது.