கார் பழசு, விலை புதிது!

'மிஸ்டர் பீன்' என்றதும் அந்தத் திருதிரு முழி நினைவுக்கு வருகிறதல்லவா? அந்த வேஷம் போட்ட நடிகர் ரோவன் அட்கின்ஸன், 'மெக்லாரன் எஃப் 1' என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருந்தார். உலகத்துக்கே மொத்தம் 106 கார்கள்தான் செய்தார்கள்! 2011 ஆகஸ்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில், அது மரத்தில் போய் மோதியது. தோளில் காயத்தோடு அவர் தப்பினார்.

காரைப் பழுது பார்க்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஆன செலவு சுமார் 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு! 1997-ல் அவர் அதை வாங்கிய விலையே இதைவிடக் குறைவுதான். கம்பெனிக்குப் பைத்தியமா என்று கேட்காதீர்கள். 2015-ல் அதே கார் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விலை போயிற்று!

சூட்சுமம் இதுதான்: சாதாரணக் காரின் விலை வருஷா வருஷம் இறங்கும், அபூர்வக் காரின் விலை ஏறும். ஆகவே, இத்தகைய காருக்கு நிபுணரைக் கொண்டு மதிப்புப் போட்டு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகையை முன்கூட்டியே பாலிஸியில் எழுதிக்கொள்வது உண்டு. அதையும் அவ்வப்போது திருத்தவேண்டும். மறந்தால், கார் அடியோடு போகும் அன்று கைக்கு வருவது பழைய தொகைதான்.

ஸ்போர்ட்ஸ் கார் நமக்கு எதற்கு என்கிறீர்களா? சரி, பாட்டி கொடுத்த வைர அட்டிகையை இன்ஷூர் செய்திருக்கிறீர்களே, அது எந்த வருஷத்து விலைக்கு? பாலிஸியை இன்றே எடுத்துப் பாருங்கள்!